முன்ஜென்மக் காதலும் முன்ஜென்மப் பகையும்: கொரியத் தொடர்களுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொரியத் தொடர்களில் மறுபிறவிக் கதைகள் தனி ஒரு வகை. பட்டாடையும் வாளுமாக ஒரு காட்சி ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த நொடி அதே முகம் சியோல் நகரத்துக் காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும். பெயர் வேறு, பேச்சு வேறு. முன்பு இவளைக் கொன்றவன் இப்போது எதிர்நாற்காலியில் இருக்கிறானா, இல்லை அவனைக் கொன்றவளே இவள்தானா என்பது புரிவதற்குள் இரண்டு எபிசோடு போய்விடும். பலர் இந்த இடத்தில்தான் எழுந்துபோகிறார்கள். கொஞ்சம் முன்னேற்பாட்டோடு உட்கார்ந்தால் எழ வேண்டியிராது.

நான் சொல்லப்போவது மூன்று தொடர்களை வைத்து. இந்த வரிசையில் பாருங்கள் என்பது என் பரிந்துரை. முடிச்சுகளை அவிழ்க்க மாட்டேன். தொடக்க எபிசோடுகளிலோ விளம்பரத்திலோ வெளிப்படையாகச் சொல்லப்பட்டவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் படி: எதில் தொடங்குவது

யாரைக் கேட்டாலும் ‘கோப்ளின்’ என்பார்கள். 2016 டிசம்பர் 2 முதல் 2017 ஜனவரி 21 வரை டிவிஎன் அலைவரிசையில் வந்த 16 எபிசோடு தொடர். எழுதியவர் கிம் உன்-சூக், நாயகன் கோங் யூ. கொர்யோ அரசு காலத்துப் படைத்தளபதி ஒருவன் தன் அரசனாலேயே கொல்லப்பட்டு, மார்பில் செருகிய வாளோடு 939 ஆண்டுகளாக உயிரோடு திரிகிறான். அந்த வாளைப் பிடுங்க அவனுடைய மணமகளால் மட்டுமே முடியும். பிடுங்கினால் அவன் மறைந்துபோவான். அருமையான கரு. ஆனாலும் முதல் தொடராக இதைச் சொல்லத் தயங்குகிறேன். முதல் எபிசோடே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நாயகி தொடக்கத்தில் பள்ளி மாணவி என்பதும் சிலருக்கு உறுத்தும். நகைச்சுவையில் பாதி, கொரிய வழக்கங்கள் கொஞ்சமாவது பழகியவர்களுக்குத்தான் பிடிபடும்.

தொடங்குவதற்கு ஏற்றது ‘ஹோட்டல் டெல் லூனா’. 2019 ஜூலை 13 முதல் செப்டம்பர் 1 வரை, இதுவும் டிவிஎன், இதுவும் 16 எபிசோடு. எழுதியவர்கள் ஹோங் சகோதரிகள் என்று அறியப்படும் ஹோங் ஜங்-உன், ஹோங் மி-ரான். பாடகியாகப் புகழ்பெற்ற ஐயூ, ஜாங் மான்-வோல் என்ற விடுதி முதலாளியாக நடிக்கிறார். விடுதிக்கு வரும் விருந்தினர்கள் எல்லோரும் ஆவிகள். மேலுலகம் போவதற்கு முன் மனக்குறை தீர்த்துக்கொள்ளத் தங்குகிறவர்கள். முதலாளியோ சுமார் 1,300 ஆண்டுகளாக அந்த இடத்தை விட்டுப் போக முடியாமல் கட்டுண்டு கிடக்கிறாள்.

இதை முன்னால் வைப்பதற்குக் காரணம் எளியது. பெரும்பாலான எபிசோடுகளில் ஏதாவது ஓர் ஆவியின் கதை தொடங்கி, அப்போதைக்கு அப்போதே முடிந்துவிடும். மான்-வோலின் பழைய கதை துளித்துளியாகக் கசிந்தாலும் பார்ப்பவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. உடைகளும் அரங்க அலங்காரமும் கண்ணுக்கு விருந்து என்பது கூடுதல் லாபம்.

இரண்டாவதாக ‘மூன் இன் தி டே’. 2023 நவம்பர் 1 முதல் டிசம்பர் 14 வரை ஈஎன்ஏ அலைவரிசையில் 14 எபிசோடுகளாக வந்தது. ஹேயூம் என்ற புனைபெயரில் வெளிவந்த இணையச் சித்திரத் தொடர் இதன் மூலம். மறுபிறவி, காதல், பழி மூன்றும் ஒரே கயிறாக முறுக்கப்பட்ட கதை வேண்டுமென்றால் இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தொடராக இதில் மேடு பள்ளம் உண்டு. பழங்காலப் பகுதிகளில் இருக்கும் இறுக்கம் நிகழ்காலப் பகுதிகளில் தளர்ந்துவிடுகிறது. நடுவில் வரும் நடிகர் நிறுவனத்துச் சச்சரவுகளை நான் பொறுமையாகத்தான் கடந்தேன். ஆனாலும் இதை விட்டுவிட வேண்டாம். கோப்ளின் மூன்றாவதாக வரட்டும்.

இரண்டாம் படி: ஒரு தாளும் மூன்று கேள்வியும்

புதியவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்ய முயல்வார்கள். அது வேண்டாம். ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அன்று யார்? இன்று யார்? அன்றைய நினைவு இன்று இருக்கிறதா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். காதலிக்க நினைவு தேவையில்லை. பழி தீர்க்க நினைவு வேண்டும். இந்த வகைக் கதைகள் அத்தனையும் இந்த இடைவெளியில்தான் ஓடுகின்றன.

‘மூன் இன் தி டே’யின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். டோ-ஹா சில்லா நாட்டு உயர்குடி வீரன். ஹான் ரி-டா டேகாயா நாட்டுப் பெண். அவள் குடும்பம் சில்லாவின் வாளுக்கு இரையானது. இருவரும் காதலிக்கிறார்கள். பிறகு அவள் அவனைக் கொல்கிறாள். அவன் ஆவியாகிச் சுமார் 1,500 ஆண்டுகளாக அவளோடு பிணைந்து கிடக்கிறான். அவளோ இறந்து பிறந்து, இன்று காங் யங்-ஹ்வா என்ற தீயணைப்பு வீராங்கனையாக இருக்கிறாள். பழையது எதுவும் தெரியாது. ஹான் ஜுன்-ஓ என்ற திரைநட்சத்திரத்துக்கு மெய்க்காவலராகிறாள். ஒரு விபத்துக்குப் பிறகு அந்த நட்சத்திரத்தின் உடலில் டோ-ஹாவின் ஆவி புகுந்துவிடுகிறது. டோ-ஹாவும் ஜுன்-ஓவும் கிம் யங்-டேதான். ரி-டாவும் யங்-ஹ்வாவும் பியோ யே-ஜின்.

உங்கள் தாளில் இப்படி இருக்கும். டோ-ஹா: மறுபிறவி இல்லை, ஆவி, எல்லாம் நினைவிருக்கிறது. யங்-ஹ்வா: அன்று ரி-டா, நினைவு இல்லை. ஜுன்-ஓ: அன்று யார் என்ற இடம் காலி, இன்று உடல் மட்டும். மூன்றே வரிதான். ஆனால் அதற்குள் கதையின் முள் தெரிந்துவிடுகிறது. கொல்லப்பட்டவனுக்கு எல்லாம் தெரியும். கொன்றவளுக்கு ஒன்றும் தெரியாது. செய்ததே நினைவில்லாத ஒருத்தியிடம் எந்த நியாயத்தைக் கேட்பது? அவளுக்கு நினைவு திரும்பட்டும் என்று அவன் விரும்புகிறானா, திரும்பவே வேண்டாம் என்று நினைக்கிறானா? எபிசோடுக்கு எபிசோடு இந்த விடை மாறுகிறது. அது மாறும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுகள்தான் கதை.

ஒரே நடிகர் இரண்டு பிறவியிலும் வருவது இந்த வகையின் பொது வழக்கம். ஆனால் அதை நம்பி முழுசாகச் சாய்ந்துவிடக் கூடாது. 2020இல் வந்த ‘டேல் ஆஃப் தி நைன் டெய்ல்ட்’, முதல் காதலியின் முகத்தோடு வரும் பெண் உண்மையிலேயே அவள்தானா என்று ஒன்பது வால் நரியான நாயகனையே குழம்ப வைக்கிறது. 2023இன் ‘சீ யூ இன் மை நைன்டீன்த் லைஃப்’ இதற்கு நேர் எதிர். நாயகிக்குத் தன் எல்லாப் பிறவிகளும் நினைவிருக்கும். பிறவிக்குப் பிறவி முகம் மாறிவிடும். போன பிறவியில் தன்னை நேசித்த பையன் இப்போது வளர்ந்த ஆளாக எதிரே நிற்கிறான். அவனுக்கு இவள் யாரோ. இவளுக்கு மட்டும் எல்லாம் தெரியும். 12 எபிசோடுதான், பழிவெறி குறைவு. கனமான இரண்டு தொடர்களுக்கு நடுவே மூச்சுவாங்க ஏற்றது.

மூன்றாம் படி: நடிகர் பட்டியலைத் திறக்காதீர்கள்

‘இந்த நடிகரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே’ என்று எபிசோடை நிறுத்திவிட்டு இணையத்தில் நடிகர் பட்டியலைத் தேடுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இந்த வகைத் தொடர்களில் அது தற்கொலைக்குச் சமம். பட்டியலில் ஒவ்வொரு பாத்திரத்தின் பெயருக்கும் பக்கத்தில் ஒரு சாய்கோடு இருக்கும். சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம் முன்ஜென்மப் பெயர். பத்துப் பன்னிரண்டு எபிசோடு பொத்திப் பொத்தி வைத்த ரகசியத்தை அந்த ஒற்றைக் கோடு போட்டு உடைத்துவிடும். கோப்ளினைப் பார்க்கப் போகிறவர்கள் இதை விரதமாகவே கடைப்பிடிக்க வேண்டும்.

எபிசோடுகளின் பட்டியலில் வரும் சிறு படங்களும் அப்படித்தான். பத்தாவது எபிசோடின் படத்தில் யார் எந்த உடையில் இருக்கிறார் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பெயர் தெரியாத நடிகர் பெயர் தெரியாதவராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

நான்காம் படி: எந்த அரசு, எந்த நூற்றாண்டு

கொரிய வரலாறு முழுக்கத் தெரிந்திருக்கத் தேவையில்லை. மூன்று அடுக்குகளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் கோகுர்யோ, பெக்ஜே, சில்லா என்ற மூன்று அரசுகளும், தெற்கே அவற்றுக்கு இடையில் காயா என்ற சிற்றரசுகளின் கூட்டமும் (டேகாயா அதில் ஒன்று) இருந்த காலம். அடுத்து 918 முதல் 1392 வரை கொர்யோ. அதன் பிறகு 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நீளும் ஜோசன். திரையில் ஆண்கள் குதிரைமுடியில் பின்னிய, உள்ளே தெரிகிற அகன்ற கறுப்புத் தொப்பி அணிந்திருந்தால் அது அநேகமாக ஜோசன். அந்தத் தொப்பியைக் காணோம், பொன் அணிகள் மின்னுகின்றன என்றால் இன்னும் பின்னால் போய்விட்டீர்கள் என்று கொள்ளலாம்.

‘மூன் இன் தி டே’ பார்ப்பவர்களுக்கு மட்டும் ஓர் ஆண்டு அவசியம்: 562. அந்த ஆண்டில்தான் சில்லாவின் ஜின்ஹுங் அரசன் காலத்தில், தளபதி இசாபு தலைமையில் டேகாயா வீழ்த்தப்பட்டது. 1145இல் தொகுக்கப்பட்ட ‘சம்குக் சாகி’ என்ற வரலாற்று நூல், சாதஹாம் என்ற பதின்ம வயது வீரன் 5,000 குதிரைவீரர்களோடு முன்னணியில் புகுந்து, கோட்டை வாயிலில் வெள்ளைக் கொடியை நட்டதாகச் சொல்கிறது. பரிசாகக் கொடுக்கப்பட்ட போர்க்கைதிகளை அவன் விடுதலை செய்துவிட்டானாம். தொடரில் வரும் டோ-ஹாவும் ரி-டாவும் கற்பனை மாந்தர்கள்; அவர்கள் நிற்கும் தரை கற்பனையில்லை.

டேகாயாவின் தலைநகர் இன்றைய கோரியோங். அங்கே ஜிசான்-டோங் மலைமுகட்டில் 700க்கும் மேற்பட்ட புதைமேடுகள் வரிசையாக நிற்கின்றன. காயாவின் ஏழு புதைமேட்டுத் தொகுதிகள் 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஜிசான்-டோங் அவற்றில் ஒன்று. தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது அதற்கடுத்த சில வாரங்களில். ஜிசான்-டோங்கின் 44ஆம் எண் புதைமேட்டை அகழ்ந்தபோது, தலைவரின் கல்லறையைச் சுற்றி 30க்கும் மேற்பட்டவர்கள் உடன் புதைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆண்டவன் போனால் அடியாரும் கூடப் போக வேண்டும் என்ற நம்பிக்கை. ஒருவரின் மரணத்தோடு இன்னொருவரைக் கட்டிவிடும் வழக்கம் அந்த மண்ணில் கல்லும் எலும்புமாகவே கிடைத்திருக்கிறது என்பதை அறிந்துகொண்டு பார்த்தால், டோ-ஹாவின் ஆவி ரி-டாவை விட்டு நகர முடியாமல் நிற்பது வெறும் மாயாஜாலமாகத் தெரியாது.

காயா என்றதும் நம் வாசகர்களில் பலருக்கு ‘ஆயுத’ நாட்டிலிருந்து கப்பலேறி வந்த ராணி ஹோ ஹ்வாங்-ஓக் நினைவுக்கு வருவார். ஆயுத என்பது தமிழகம்தான் என்ற வாதமும் கூடவே வரும். அந்தக் கதை கிம்ஹேயில் இருந்த கும்குவான் காயாவைச் சேர்ந்தது. இது வேறு காயா. அந்த விவாதத்தை இந்தத் தொடருக்குள் இழுத்துவர இடமில்லை.

ஐந்தாம் படி: மறுவுலகத்தின் சட்டதிட்டம்

ஊழ், முன்வினை, மறுபிறப்பு எல்லாம் நமக்குப் பழகிய சரக்கு என்பதால் ஒரு ஆபத்து இருக்கிறது. பார்த்த உடனே புரிந்துவிட்டதாக நினைத்துவிடுவோம். கொரியத் தொடர்களின் மறுவுலகத்துக்கு வேறு நடைமுறை உண்டு.

முதலில் எமதூதர். கொரியர்கள் ‘ஜோசுங் சாஜா’ என்பார்கள். கறுப்பு அங்கி, கறுப்புத் தொப்பி, வெளிறிய முகம் என்ற தோற்றத்தை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது கேபிஎஸ் அலைவரிசையில் 1977இல் தொடங்கிய ஒரு பழைய திகில் தொடர். இப்போதைய தொடர்களில் இவர்கள் கோட்டு சூட்டு போட்ட அரசு ஊழியர்களைப் போல இருக்கிறார்கள். பெயர் அட்டை வைத்துக்கொண்டு, மேலதிகாரிக்கு விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு, வேலைப்பளுவைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டு. இவர்களுக்கு மேலே நீதி வழங்கும் ‘யோம்ரா’ வேறு யாருமல்லர், நம் எமன்தான். பௌத்தத்தோடு சீனா வழியாகக் கொரியா போய்ச் சேர்ந்தவர்.

இறந்தவர் ‘சம்டோசோன்’ என்ற ஆற்றைக் கடக்க வேண்டும். இறந்த 49ஆம் நாள் வரை ஆன்மா இடைவெளியில் இருக்கும் என்பது பௌத்த நம்பிக்கை. அதனால்தான் 49 என்ற எண் தொடருக்குத் தொடர் தலைகாட்டும். கோப்ளினில் எமதூதர் ஒரு தேநீரகம் நடத்துகிறார். அங்கே தேநீர் குடித்தால் வாழ்ந்த வாழ்க்கை மறந்துபோகும். யாருக்கு அந்தக் கோப்பை தரப்படுகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்று கவனியுங்கள். மறதி இங்கே கருணை. நினைவோடு இருக்கச் சொல்வது தண்டனை.

நாம் அதிகம் தடுமாறக்கூடிய இடமும் இதுதான். சாகாவரம் என்றால் நம் காதுக்கு அது வரம். இந்தத் தொடர்களிலோ சாகாமை சிறைவாசம். மார்பில் வாளோடு நிற்கும் தளபதியும் விடுதியின் மரத்தோடு கட்டுண்ட மான்-வோலும் மார்க்கண்டேயனின் உறவினர்கள் அல்லர். ஆறாத புண்ணோடு அலையும்படி சபிக்கப்பட்ட அசுவத்தாமனின் உறவினர்கள். காதலி வந்து விடுவிக்கிறாள் என்றால், சாக அனுமதிக்கிறாள் என்று பொருள். நாயகியின் கண்ணீருக்கு அர்த்தம் அப்போதுதான் புரியும்.

தெய்வங்கள் மெதுவாகத்தான் அறிமுகமாகும். தெருவில் கீரை விற்கும் பாட்டியோ, சிவப்பு உடையில் மிடுக்காக வரும் பெண்ணோ குழந்தை வரம் தரும் சம்ஷின் தெய்வமாக இருக்கலாம். ஹோட்டல் டெல் லூனாவில் மாகோ என்ற பெண் தெய்வம் ஒரே நடிகையின் பல வேடங்களில், பல சகோதரிகளாக வரும். சகோதரிகளுக்குள் குணம் மாறும். கிழவிகளை அலட்சியப்படுத்தாதீர்கள் என்பதுதான் இந்த உலகத்தில் பிழைக்க வழி.

கோப்ளின் என்ற ஆங்கிலப் பெயரும் கொஞ்சம் வழிதவறச் செய்யும். அசல் சொல் ‘தொக்கேபி’. நாட்டுப்புறக் கதைகளில் தொக்கேபி இறந்த மனிதனின் ஆவி கிடையாது. பழைய துடைப்பம், இரத்தக்கறை படிந்த பொருள் போன்றவற்றில் குடியேறும் குறும்புக்காரப் பூதம். மல்யுத்தம் பிடிக்கும், பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்த கூழ்க்கட்டி என்றால் உயிர். தொடரில் நாயகன் நாயகிக்குக் கொடுப்பது அதே பக்வீட்டின் வெள்ளைப் பூக்கள். கொரியப் பார்வையாளர் அங்கே புன்னகைத்திருப்பார்.

ஆறாம் படி: பழி என்றால் என்ன என்பதில் தெளிவு

பழிவாங்கல் என்றதும் நாம் கடைசிக் காட்சியில் வில்லன் விழுவதை எதிர்பார்ப்போம். இந்தத் தொடர்களில் அந்த எதிர்பார்ப்போடு உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். கொரிய மரபில் பழியோடு அலையும் ஆவி எப்படிப்பட்டது என்பதற்கு மிர்யாங் என்ற ஊரின் அராங் கதையைத்தான் சொல்ல வேண்டும். மாவட்ட நீதிபதியின் மகளான அராங் கொல்லப்படுகிறாள். உடல் கிடைக்கவில்லை, யாரோடோ ஓடிவிட்டாள் என்று ஊர் பேசுகிறது. அதன்பின் அந்த ஊருக்கு வரும் ஒவ்வொரு புதிய நீதிபதியின் முன்னாலும் அவள் ஆவி வந்து நிற்கிறது. பார்த்த மாத்திரத்தில் பயத்திலேயே செத்துப்போகிறார்கள். கடைசியாகத் துணிச்சல்காரர் ஒருவர் வந்து, ஓடாமல் உட்கார்ந்து, ‘என்ன வேண்டும்?’ என்று கேட்கிறார். அவள் நடந்ததைச் சொல்கிறாள். கொலைகாரன் பிடிபடுகிறான். அராங் மறைந்துவிடுகிறாள்.

கவனியுங்கள், அவள் யாரையும் கொல்ல வரவில்லை. முறையிட வந்தாள். தன் பெயருக்கு ஏற்பட்ட களங்கத்தை யாராவது அதிகாரத்தில் இருப்பவர் கேட்டுத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கதையைக் கருவாக வைத்து 2012இல் ‘அராங் அண்ட் தி மேஜிஸ்ட்ரேட்’ என்ற தொடரே வந்தது.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம் மூன்று தொடர்களையும் பாருங்கள். மான்-வோல் 1,300 ஆண்டுகளாக ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள். அவன் மறுபிறவியாக வந்தால் பழி தீர்க்க வேண்டும் என்று. அவளிடம் இருக்கும் நினைவு முழுமையானதா? அவள் பார்த்த அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும். அவன் பக்கத்தில் நடந்தது என்ன? டோ-ஹாவின் கேள்வியும் ‘யார் கொன்றது’ என்பதில்லை, அது அவனுக்கே தெரியும். ‘ஏன்’ என்பதுதான். கோப்ளின் தளபதிக்குத் தன்னைக் கொல்லச் சொன்ன அரசனின் முகம் தெரியும், மனம் தெரியாது. ஆக, வாள் உருவப்படும் இடங்களைவிட ஒருவர் இன்னொருவரிடம் நடந்ததைச் சொல்லத் தொடங்கும் இடங்களில் நிமிர்ந்து உட்காருங்கள். முடிச்சு அங்கேதான் அவிழும்.

பழி வம்சத்தைத் தொடர்வதும் உண்டு. ஹோட்டல் டெல் லூனாவின் அறை மேலாளர் சோய் சோ-ஹீ ஜோசன் காலத்து மேட்டுக்குடிப் பெண்ணின் ஆவி. தனக்கும் தன் குழந்தைக்கும் கொடுமை செய்த குடும்பத்தின் கடைசி வாரிசு வரை பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று காத்திருக்கிறாள். துணைக்கதைதான், என்னைக் கேட்டால் நாயகியின் கதையைவிட இதில் கனம் அதிகம்.

ஏழாம் படி: காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

தமிழ் ஒலிச்சேர்க்கை கிடைத்தால் நல்லதுதான். வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். ஆனால் ஒரு தொடரையாவது கொரிய ஒலியில், எழுத்து வரிகளோடு பாருங்கள். காரணம், மரியாதைப் பேச்சு. கொரிய மொழியில் யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து வினைச்சொல்லின் முடிவு மாறும். ஆங்கில வரிகளில் இது அடியோடு காணாமல் போய்விடும். நீ, நீங்கள் என்று பேசிப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

எளிய வழி ஒன்று. வாக்கியத்தின் கடைசியில் ‘யோ’வோ ‘நிடா’வோ ஒலிக்கிறதா என்று கேளுங்கள். ஒலித்தால் மரியாதை, அது உதிர்ந்துவிட்டால் நெருக்கம், அல்லது அலட்சியம். மான்-வோல் கிட்டத்தட்ட யாரிடமும் ‘யோ’ போட மாட்டாள். 1,300 வயதுக்காரிக்கு எல்லோரும் பொடியர்கள். அவளுடைய மேலாளராக வரும் கூ சான்-சங் விடாமல் மரியாதையோடு, ‘ஜாங் மான்-வோல் ஷி’ என்று முழுப்பெயரும் அடைமொழியுமாக அழைப்பான். அந்த ‘ஷி’யில் பணிவும் இருக்கிறது, விட்டுக்கொடுக்காத பிடிவாதமும் இருக்கிறது. கோப்ளினில் நாயகி நாயகனை ‘அஜோஷி’ என்பாள். நடுவயது ஆண்களைச் சாதாரணமாக அழைக்கும் சொல். போகப்போக அந்தச் சொல்லிலேயே காதல் ஏறிக்கொள்வதை வரிகளில் படிக்க முடியாது, காதால்தான் கேட்க முடியும். ஆவி புகுந்த உடல் ஒன்று திடீரென்று பழங்காலத் தோரணையில் பேசுவதும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். முகத்தைப் பார்த்து ஏமாறலாம். வாக்கியத்தின் வாலைக் கேட்டு ஏமாற மாட்டீர்கள்.

எட்டாம் படி: எப்படி உட்கார்ந்து பார்ப்பது

இந்தத் தொடர்கள் வாரத்துக்கு இரண்டு எபிசோடு என்று ஒளிபரப்பானவை. எனவே இரண்டிரண்டாக ஜோடி சேர்த்துத்தான் எழுதுவார்கள். ஒன்றும் இரண்டும் சேர்ந்துதான் அறிமுகம். முதல் எபிசோடை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். ஒரு நாளைக்கு இரண்டு போதும். எபிசோடின் கடைசி நிமிடத்தில் யாராவது யாரையாவது அடையாளம் கண்டுகொண்டு அதிர்ந்து நிற்பார்கள்; தூக்கம் கெடும். அதற்கு ஒரு உபாயம்: அடுத்த எபிசோடின் முதல் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். அதற்குள் அந்த அதிர்ச்சி தணிந்திருக்கும், புதிய கொக்கி இன்னும் போடப்பட்டிருக்காது.

பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் செயலி தானாகவே அடுத்த எபிசோடுக்குத் தாவும். அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிடுங்கள். பெயர்களுக்கு நடுவிலோ முடிவிலோ ஒட்டுக் காட்சி ஒன்று வைப்பது கொரிய வழக்கம். சில சமயம் பழைய பிறவியின் விடுபட்ட துண்டு அங்கேதான் இருக்கும்.

உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது நாயகனும் நாயகியும் ஏன் சாண்ட்விச் கடையில் போய் உட்காருகிறார்கள், ஏன் கைப்பேசியை இவ்வளவு அருகில் காட்டுகிறார்கள் என்று திகைக்க வேண்டாம். அது விளம்பரம். 2010 முதல் தொடர்களுக்குள்ளேயே பொருட்களைக் காட்ட அங்கே சட்டப்படி அனுமதி உண்டு. செலவை அப்படித்தான் ஈடுகட்டுகிறார்கள். முன்ஜென்மக் கண்ணீருக்கும் யாராவது பணம் கட்டத்தானே வேண்டும்.

மூன்றும் முடிந்த பிறகு

கொரியாவுக்குப் போகும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு மூன்று இடங்கள். ஹோட்டல் டெல் லூனாவின் முகப்பாக வருவது மோக்போ நகரின் நவீன வரலாற்று அருங்காட்சியகத்தின் முதல் கட்டடம். 1900இல் ஜப்பானியத் துணைத் தூதரகமாகக் கட்டப்பட்ட செங்கல் கட்டடம். நேரில் பார்த்தால் தொடரில் வரும் உயரம் இருக்காது. மேலடுக்குகள் கணினியில் சேர்த்தவை. கோப்ளினில் தளபதியும் மாணவியும் சந்திக்கும் கடற்கரைத் தடுப்புச்சுவர் காங்நுங் பக்கம் ஜுமுன்ஜினில் இருக்கிறது. சிவப்பு மப்ளரும் வெள்ளைப் பூங்கொத்துமாகப் படமெடுக்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். கோரியோங்கில் வரிசை கிடையாது. 44ஆம் புதைமேட்டின் உட்புறத்தை அப்படியே மறுபடைப்பாகக் கட்டிய காட்சியகத்துக்குள் முதலில் போய்விட்டு, பிறகு மேடுகளுக்கு இடையே ஏறும் பாதையில் நடங்கள்.

அடுத்து என்ன பார்ப்பது என்றால், 2017இல் வந்த ‘சிகாகோ டைப்ரைட்டர்’. 1930களில் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராகப் போராடிய மூன்று நண்பர்கள், இன்று ஓர் எழுத்தாளன், ஒரு ரசிகை, தட்டச்சுப்பொறியில் குடியிருக்கும் ஓர் ஆவி. காட்டிக்கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி. முதல் நான்கு எபிசோடு இழுவை. பொறுத்துக்கொள்ளுங்கள், ஐந்தாவதிலிருந்து தாளையும் பேனாவையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். ‘பிளாக் நைட்’ என்ற 20 எபிசோடு தொடரையும் இதே வரிசையில் சிலர் சொல்வார்கள். சாகாமல் திரியும் தையற்காரி ஷாரனாக சோ ஜி-ஹே நடித்திருப்பதற்காகப் பார்க்கலாம். காதல் ஜோடிக்காக என்றால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.